பார்ப்பதற்காகப் போட்ட ரோடு: கொலம்பியா நெடுஞ்சாலை – ஒரு வாசிப்பு

1

ரோடு எதுக்குப் போடறாங்க? சரக்கு சந்தைக்குப் போக, படை எல்லைக்குப் போக, வரி வசூலிக்கிறவர் ஊருக்குள் சீக்கிரம் வந்து சேர. உலகத்துச் சாலைகளில் பெரும்பாலானவற்றின் வரலாற்றை இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ஒரிகன் மாநிலத்தில் நாலாவதாக ஒரு காரணம் சேர்ந்துகொண்டது: பார்ப்பதற்காக.

1913க்கும் 1922க்கும் இடையில் கொலம்பியா ஆற்றின் தென்கரை மலைச்சரிவை ஒட்டி, ட்ரௌட்டேல் என்ற ஊரிலிருந்து தி டாலஸ் என்ற ஊர்வரை சுமார் 120 கிலோமீட்டருக்கு ஒரு ரோடு போட்டார்கள். இயற்கைக்காட்சியைக் காட்டுவதற்கென்றே திட்டமிட்டு அமைத்த முதல் அமெரிக்க நெடுஞ்சாலை என்று இதைச் சொல்கிறார்கள். இன்றைக்கும் இதன் மேற்குப் பகுதியில், ட்ரௌட்டேலிலிருந்து கிளம்பி அருவிகளையெல்லாம் தாண்டி சுமார் 35 கிலோமீட்டர் காரில் போகலாம். நிறுத்தாமல் போனால் ஒரு மணிநேரம்கூட ஆகாது. ஆனால் நிறுத்தாமல் போவதற்கு அல்ல அந்த ரோடு; நிறுத்துவதற்காகவே போட்ட ரோடு.

இந்தச் சின்னப் பயணத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் உத்தேசம். 'இயற்கைக்காட்சி' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதில் 'இயற்கை' எங்கே முடிகிறது, 'காட்சி' எங்கே தொடங்குகிறது என்று கேட்பதில்லை. மலை இயற்கையாக இருக்கலாம். அதைக் காட்சியாக்க ஒருவர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எது கண்ணில் படக்கூடாது என்பதையெல்லாம் யாரோ தீர்மானித்தாக வேண்டும். கொலம்பியா நெடுஞ்சாலையில் அந்த யாரோவுக்குப் பெயர் உண்டு, வருஷம் உண்டு, வரைபடம் உண்டு. ஆகவே காட்சி என்பது எப்படி உற்பத்தியாகிறது என்பதை இங்கே கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

2

சாம் ஹில் ஒரு வக்கீல். 'கிரேட் நார்தர்ன்' ரயில் கம்பெனியின் அதிபர் ஜேம்ஸ் ஹில்லின் மருமகன். மாமனார் தண்டவாளத்தில் சம்பாதித்தார். மருமகனுக்கோ தார் ரோட்டின்மீது தீராத மோகம். 1908இல் பாரிஸில் நடந்த முதல் சர்வதேசச் சாலை மாநாட்டுக்குப் போனார். சாமுவேல் லங்காஸ்டர் என்ற பொறியாளரையும் கூட்டிப்போனார். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரியோரம் பாறையைக் குடைந்து போன ஆக்ஸென்ஸ்ட்ராஸ என்ற சாலையையும், அதன் குகைப்பாதையில் ஏரியைப் பார்த்துத் திறந்த ஜன்னல்களையும், ரைன் நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்களைத் தாங்கி நிற்கும் கல் சுவர்களையும் பார்த்தார்கள். அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அப்போது உண்டானது.

கொலம்பியாவின் வடகரை வாஷிங்டன் மாநிலம், தென்கரை ஒரிகன். ஹில் முதலில் வடகரையில் ரோடு கேட்டுப் பார்த்தார். அந்த மாநில அரசு பணம் தரவில்லை. உடனே தென்கரைக்குத் தாவினார். 1913இல் ஒரிகன் மாநில நெடுஞ்சாலை ஆணையம் அமைந்தது. அந்த வருஷமே லங்காஸ்டர் அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்.

லங்காஸ்டர் வகுத்துக்கொண்ட விதிகள் முக்கியமானவை. ஏற்றம் எந்த இடத்திலும் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வளைவின் ஆரம் 100 அடிக்குக் குறையக்கூடாது. அகலம் 24 அடி. அந்தக் காலத்துக் கார் மூச்சுத் திணறாமல் ஏற வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஓட்டுகிறவர் பயத்தில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்காமல் தலை நிமிர்ந்து ஆற்றைப் பார்க்க முடிய வேண்டும். வழக்கமாக ஒரு பொறியாளர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறைந்த தூரத்தைத் தேடுவார். இவர் முதலில் அருவிகளையும் பாறை முகடுகளையும் தேடிப் பிடித்து, பிறகு அவற்றைக் கோத்துக்கொண்டு போகிற மாதிரி ரோட்டை வளைத்தார். ஓரத்தில் சாந்து பூசாத கல் சுவர்களைக் கட்டியவர்கள் இத்தாலியக் கல்தச்சர்கள். அவர்கள் கை நேர்த்தி இன்றைக்கும் நிற்கிறது. பெயர்கள்தான் எந்தப் பலகையிலும் கண்ணில் படுவதில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆற்றோரமாக 1880களிலேயே ரயில் வந்தாயிற்று. ஆற்றில் நீராவிக் கப்பல்களும் ஓடின. விவசாயிகளுக்கு நல்ல ரோடு வேண்டும் என்ற வாதமும் சேர்த்தே வைக்கப்பட்டது, உண்மை. ஆனால் சரக்குக்காக மட்டும் என்றால் மலைமேல் ஏறி, அருவிக்கு அருவி எட்டிப்பார்த்து இறங்குகிற இந்த ரோடு அநாவசியம். போர்ட்லாந்து நகரத்து வணிகர்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. காசுள்ள அமெரிக்கர்கள் ஆல்ப்ஸ் மலை பார்க்க ஐரோப்பா போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்தப் பணத்தை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். 'முதலில் அமெரிக்காவைப் பாருங்கள்' என்பது அந்நாளைய சுற்றுலா முழக்கம்; அதைப் பெரிதாகப் பரப்பியவற்றில் ஹில்லுடைய மாமனாரின் ரயில் கம்பெனியும் ஒன்று. 1914இல் ஐரோப்பாவில் போர் வெடித்ததும் அந்தப் பக்கம் கதவு அடைபட்டது. ரோடு தயாராக இருந்தது.

1916 ஜூன் 7ஆம் தேதி திறப்பு விழா. ஜனாதிபதி உட்ரோ வில்சன் வாஷிங்டன் நகரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, கண்டத்தின் மறுமுனையில் இருந்த பாறைமுனையில் கொடி விரிந்தது. தொடாமலே, வராமலே, தூரத்திலிருந்தே ஒன்றை நிகழ்த்திவிடும் அதிகாரம். இந்த ரோட்டுக்குப் பொருத்தமான தொடக்கம்தான்.

3

ட்ரௌட்டேலைவிட்டுக் கொஞ்ச தூரம் தோட்டங்களும் வீடுகளுமாகப் போகிறது. பிறகு மரங்கள் விலகி, திடீரென்று கிரௌன் பாயிண்ட். ஆற்றுக்கு மேலே 733 அடி உயரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் எரிமலைப் பாறை. ரோடு அந்தப் பாறையைச் சுற்றி வளைந்து போகிறது. வளைவுக்குள்ளே எண்கோண வடிவில் குவிமாடத்தோடு ஒரு கல் கட்டிடம்: விஸ்டா ஹவுஸ். எட்கர் லாசரஸ் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது, 1918இல் திறந்தது.

இந்தக் கட்டிடத்துக்கு மூன்று வேலைகள். நின்று காட்சி பார்க்கிற இடம், ஒரிகனில் வந்து குடியேறிய 'முன்னோடி'களுக்கு நினைவுச் சின்னம், பயணிகளுக்குக் கழிப்பறை. செலவு ஏறிக்கொண்டே போனதால் உள்ளூர்க்காரர்கள் இதை 'லட்சம் டாலர் கக்கூஸ்' என்று கிண்டலடித்தார்கள். கிண்டலில் சரியான விமர்சனம் இருக்கிறது. வரலாற்றை வணங்குவதும் காட்சியை நுகர்வதும் கழிவை இறக்குவதும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன; சுற்றுலா என்ற நிறுவனத்தின் முழு உருவமும் இதுதான்.

உள்ளே குவிமாடத்துக்குக் கீழே பூர்வகுடி மனிதர்களின் தலைச் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். யார் என்று பெயர் கிடையாது. 'முன்னோடி' என்றால் முன்னால் போனவர். முன்னால் இருந்தவர் அலங்காரமாகிவிட, பின்னால் வந்தவர் முன்னோடியாகிவிட்டார். அந்த முன்னோடிகள் 1857இல் எழுதிய ஒரிகன் அரசியல் சட்டத்தில் கறுப்பின மக்கள் புதிதாக அங்கே வந்து குடியேறவோ சொத்து வாங்கவோ கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த வாசகத்தை வாக்கெடுப்பின் மூலம் நீக்கியது 1926இல்தான். ஆக, விஸ்டா ஹவுஸ் திறந்தபோதும் அந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது. பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கட்டிடத்தில் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது.

கிரௌன் பாயிண்டிலிருந்து ரோடு சுருள்சுருளாக இறங்குகிறது. அப்புறம் வரிசையாக அருவிகள்: லட்டூரெல், ஷெப்பர்ட்ஸ் டெல், பிரைடல் வெயில், வாகீனா, மல்ட்னோமா, ஹார்ஸ்டெயில். இவ்வளவு சின்ன தூரத்தில் இத்தனை அருவிகள் ஏன்? சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் கடைசியில், உள்நாட்டிலிருந்த ஒரு பிரம்மாண்டமான பனிக்கட்டி அணை திரும்பத் திரும்ப உடைந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் ஏரியே இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து இருபக்க மலையையும் செங்குத்தாகச் சீவிவிட்டது. சின்ன ஓடைகள் அந்தரத்தில் தொங்கின; அருவிகளாயின. 1923இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் இதைச் சொன்னபோது சக அறிஞர்கள் ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். கண் முன்னால் இருப்பதைப் பார்க்கக்கூட முதலில் ஒரு கதையாடல் தேவைப்படுகிறது.

மல்ட்னோமா 620 அடி. இரண்டு அடுக்காக விழுகிறது. நடுவில் ஒரு நடைபாலம். அந்தப் பாலத்துக்குப் பணம் கொடுத்தவர் சைமன் பென்சன். அருவியைச் சுற்றியுள்ள நிலத்தைப் பொதுச் சொத்தாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. ஊதியம் வாங்காமல் சாலை வேலையை மேற்பார்த்தவர் ஜான் யோன். நல்ல காரியம்தான். இரண்டு பேரும் யார்? மரக் கம்பெனி முதலாளிகள். பென்சன், வெட்டிய மரங்களைக் கட்டி ராட்சதத் தெப்பமாக்கிக் கடல் வழியாகக் கலிபோர்னியாவுக்கு இழுத்துப்போய் விற்றவர். பிரைடல் வெயில் அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு மர அறுவை ஆலையும் அதன் கம்பெனி ஊரும் இருந்தன. மேலே மலையில் வெட்டிய மரங்கள் தண்ணீர்க் கால்வாயில் மிதந்து கீழே வந்தன. ஆக, ரோட்டிலிருந்து தெரிகிற காடு புனிதம், தெரியாத காடு சரக்கு. ஒரே கை இரண்டையும் செய்தது. இதைப் பாசாங்கு என்று திட்டுவதில் பயனில்லை. காட்சி என்று ஓர் ஓரத்தை வேலிபோட்டு ஒதுக்கிவிட்டால், மற்றதையெல்லாம் வெட்டுவதற்கு மனசாட்சி இடம் கொடுத்துவிடுகிறது. இப்படித்தான் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். ஷெப்பர்ட்ஸ் டெல் என்ற இடத்தைக் கொடுத்த ஜார்ஜ் ஷெப்பர்ட் பணக்காரர் இல்லை. மனைவியின் நினைவாகத் தன்னிடமிருந்த 11 ஏக்கரை 1914இல் பொதுமக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காட்சிக்குப் பின்னால் எப்போதும் லாபக் கணக்குதான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதரை எங்கே வைப்பது? அழகின்மீதான பற்று எல்லாருக்கும் உண்டு. அது எந்த ஏற்பாட்டுக்குள் போய்ச் சேர்கிறது என்பதுதான் நம் விசாரணை.

4

ரயில் ஜன்னல் மனிதப் பார்வையை எப்படி மாற்றியது என்று வோல்ஃப்காங் ஷிவல்புஷ் 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். வேகத்தில் பக்கத்திலிருப்பவை கலங்கி மறைந்துவிடுகின்றன. தூரத்திலிருப்பவை மட்டும் ஒரு நீண்ட திரைச்சீலை மாதிரி ஓடுகின்றன. பயணி நிலத்தோடு ஒட்டாமல் அதைப் பார்க்கப் பழகிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். லங்காஸ்டரின் ரோடு இதற்கு அடுத்த கட்டம். பக்கத்திலிருப்பது திரும்பவும் வருகிறது, ஆனால் கல் சுவராக, பால வளைவாக, குகை ஜன்னலாக – அதாவது சட்டமாக. பயணி தானே கண்டுபிடித்ததாக நினைத்து நிறுத்துகிற இடம், முன்கூட்டியே அவருக்காக நிறுத்திவைத்த இடம்.

ரோலன் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ஒரு பயண வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்து அலசுகிறார். அதில் மலை உண்டு, தேவாலயம் உண்டு; மனிதர்கள் இல்லை, இருந்தாலும் வகைமாதிரிகளாக மட்டுமே இருக்கிறார்கள். ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூலில் இன்னொரு முனையைக் காட்டினார்: நிலத்தை நிலக்காட்சியாகப் பார்க்க, பார்ப்பவர் அங்கே வேலை செய்யாதவராக இருந்தாக வேண்டும். உழுகிறவருக்கு வயல் காட்சியில்லை. நம்முடைய திணைக் கோட்பாடு அருவியையும் மரத்தையும் சொன்ன கையோடு உணவையும் தொழிலையும் கருப்பொருளில் சேர்த்துவிட்டது. நிலத்தை அங்கே பிழைக்கிறவரிடமிருந்து பிரிக்காமல் பேச ஒரு மொழி சாத்தியம் என்பதற்காக மட்டும் இதை ஞாபகப்படுத்துகிறேன்.

கிரௌன் பாயிண்டைப் பற்றிப் பேசும்போது ஃபூக்கோ விளக்கிய சிறைக் கோபுரத்தை இழுக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சிறைக் கோபுரத்திலிருந்து பார்ப்பது மனிதர்களை. தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. கிரௌன் பாயிண்டில் நேர்மாறு. இங்கிருந்து பார்த்தால் யாரும் தெரிய மாட்டார்கள். ஆறு தெரியும், மேகம் தெரியும், அக்கரை தெரியும். மனிதர்களே இல்லாத ஒரு விரிவு. இந்தப் பார்வை யாரையும் கண்காணிக்கவில்லை. யாரும் இல்லை என்று நம்ப வைக்கிறது. கண்காணிப்பது ஓர் அதிகாரம் என்றால், காணாமல் விடுவதும் அதிகாரம்தான்.

அப்படிக் காணாமல் விடப்பட்டவர்கள் யார் என்று பார்க்க, இந்த ரோடு முடிகிற தி டாலஸிலிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்.

5

அங்கேதான் செலிலோ அருவி இருந்தது. மல்ட்னோமா மாதிரி உயரத்திலிருந்து விழுவதல்ல. கொலம்பியா ஆறே மொத்தமாகப் பாறைகளுக்கு நடுவில் நெருக்குண்டு, கொந்தளித்து, பல கிளைகளாகப் பிரிந்து விழுந்த இடம். கடலிலிருந்து முட்டையிட மேலேறி வரும் சால்மன் மீன்கள் இங்கே துள்ளித் துள்ளி ஏறும். பாறைகளிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய பலகைப் பரண்களில் நின்று, நீண்ட கழியில் கோத்த கைவலையால் மக்கள் அவற்றைப் பிடித்தார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக. எந்தப் பரண் எந்தக் குடும்பத்துக்கு என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. உலர்த்திப் பொடித்த மீனுக்காக வெகு தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பண்டமாற்று செய்தார்கள். இந்த ஆற்றுக்கு அவர்கள் மொழியில் 'ந்சி-வானா', பெரிய ஆறு. கொலம்பியா என்பது 1792இல் வந்த ஓர் அமெரிக்கக் கப்பலின் பெயர்.

1855இல் யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் போட்டது. ஏராளமான நிலத்தை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு, அவர்கள் வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுதியது. பிறகு இந்தப் பகுதியில் நிலம் வாங்கிய வினன்ஸ் என்ற சகோதரர்கள், தண்ணீரில் சுழன்று தானாகவே மீனை வாரும் சக்கரங்களைப் போட்டு, யாக்கமா மக்கள் தங்கள் நிலத்தைத் தாண்டி ஆற்றுக்குப் போகக்கூடாது என்று தடுத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 1905இல் தீர்ப்பு: நிலம் யார் பெயருக்கு மாறினாலும் ஆற்றுக்குப் போய் மீன்பிடிக்கும் உரிமை மாறாது. நீதிமன்றம் கொடுத்த விளக்கம் ரொம்ப அழகானது. ஒப்பந்தம் பூர்வகுடிகளுக்கு அரசு கொடுத்த சலுகையல்ல. பூர்வகுடிகள் அரசுக்குக் கொடுத்தது. கொடுக்காமல் வைத்துக்கொண்டதெல்லாம் அவர்களுடையதே.

இப்போது இரண்டு வகை வழியுரிமைகள் நம்முன் நிற்கின்றன. ஒன்று 1905இல் உறுதியானது: அடுத்தவர் நிலத்தின் வழியாக நடந்துபோய் ஆற்றில் இறங்கிப் பிழைப்பதற்கான உரிமை. இன்னொன்று 1916இல் கொடியேற்றிக் கொண்டாடியது: காரில் போய், நின்று, பார்த்து, திரும்பிவிடுவதற்கான உரிமை. இரண்டும் ஒரே ஆற்றின்மேல். எது நிலைத்தது?

செலிலோவைப் பார்க்கவும் கூட்டம் வரத்தான் செய்தது. ரோடு அப்படியே நீண்டு அந்த ஊர் வழியாகப் போனதால் கார்களை நிறுத்தி, பரணில் நிற்கிற ஆட்களைப் படம் பிடித்தார்கள். தபால் அட்டைகளில் அச்சாயிற்று. மீன்பிடிப்பவர் வேலை செய்கிற மனிதராக இருந்து, 'செவ்விந்தியர் மீன்பிடிக்கும் காட்சி'யாக மாறினார். விஸ்டா ஹவுஸில் தலை. இங்கே முழு உடம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

காட்சியானதாலாவது காப்பாற்றினார்களா? இல்லை. மின்சாரத்துக்காகவும் படகுப் போக்குவரத்துக்காகவும் தி டாலஸில் அணை கட்ட முடிவானது. செலிலோவின் முதிய தலைவர் டாமி தாம்சன் எதிர்த்தார். 1855 ஒப்பந்த உரிமைக்கு விலையாக நாலு பழங்குடிகளுக்கும் சேர்த்து சுமார் 2.7 கோடி டாலர் என்று கணக்குத் தீர்த்தார்கள். 1957 மார்ச் 10ஆம் தேதி அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணிநேரத்தில் அருவி நீரில் மூழ்கிப் போயிற்று. கரையில் நின்று பார்த்தார்கள் – இந்தத் தடவை பூர்வகுடிகளும் பார்வையாளர்கள். ஓர் உரிமை எப்படிக் காட்சியாகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பிழைப்பைப் பறித்துவிட்டால் மிச்சமிருப்பது பார்வை மட்டும்தான்.

6

வேடிக்கை என்னவென்றால், லங்காஸ்டரின் ரோட்டுக்கும் அதே காலத்தில் சாவு வந்தது. 1950களில் ஆற்றோரமாகவே அகலமான நேர்ச்சாலை வந்தது. இன்று அதற்கு ஐ-84 என்று பெயர். லாரிகளுக்கு வேகம் வேண்டியிருந்தது. அருவிக்கு அருவி எட்டிப்பார்க்க நேரமில்லை. பழைய ரோட்டைப் பல இடங்களில் வெட்டி எடுத்தார்கள். மிட்செல் பாயிண்ட்டில், சுவிட்சர்லாந்து மாதிரியே ஆற்றைப் பார்த்து ஐந்து ஜன்னல்களோடு 1915இல் குடைந்த குகைப்பாதையை 1966இல் தகர்த்தார்கள். மோஷியருக்குப் பக்கத்திலிருந்த இரட்டைக் குகைப்பாதைகளைக் கல்லும் மண்ணும் கொட்டி அடைத்தார்கள். பார்ப்பதற்காகப் போட்ட ரோட்டை, கடப்பதற்காகப் போட்ட ரோடு தின்றுவிட்டது. முதலாளியம் தன் அழகியலையும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1987இல் ஒரிகன் சட்டமன்றம் பழைய ரோட்டை மீட்டுப் பாதுகாக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. மோஷியர் குகைகளை அடைத்திருந்த இடிபாடுகளை அள்ளி வெளியே போட்டு, 2000இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்தார்கள். அதே வருஷம் ரோடு தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. மிட்செல் பாயிண்ட்டில் 2020களில் ஐந்து ஜன்னல்களோடு புதிதாகவே ஒரு குகைப்பாதையைக் குடைந்தார்கள். 2017 செப்டம்பரில் ஒரு பதின்வயதுப் பையன் போட்ட பட்டாசினால் ஈகிள் கிரீக்கில் பற்றிய தீ ஏறக்குறைய 50,000 ஏக்கரைத் தின்றது. அருவிச் சாலையின் ஒரு பகுதியை ஒரு வருஷத்துக்குமேல் மூடி, செப்பனிட்டு, 2018 நவம்பரில் திறந்தார்கள். 2022 கோடையில் கூட்டம் தாங்காமல் நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வைத்து வண்டிகளை விட்டார்கள்.

எவ்வளவு பரிவு, எவ்வளவு பணம், எவ்வளவு பொறுமை! இதைக் குறை சொல்லவில்லை. இத்தாலியக் கல்தச்சர் அடுக்கிய சுவரைப் பழைய முறையிலேயே திரும்ப அடுக்குவது மரியாதையான வேலை. கேள்வி வேறு. இழந்த ஒரு ஜன்னலைத் திரும்பக் குடையலாம் என்று ஒரு சமூகத்துக்குத் தோன்றுகிறது. இழந்த ஓர் அருவியை, அதில் நின்று பிழைத்தவர்களின் உரிமையை, திரும்பத் தரலாம் என்று தோன்றுவதில்லை. ஏன்? ஜன்னலைத் திருப்பித் தந்தால் பார்ப்பவருக்குக் காட்சி கிடைக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. அருவியைத் திருப்பித் தந்தால் மின்சாரக் கணக்கு, கப்பல் கணக்கு, நிலக் கணக்கு எல்லாம் ஆட்டம் காணும். அதனால் முதலாவது 'பாரம்பரியம்' ஆகிறது, இரண்டாவது 'பழைய கதை' ஆகிறது.

1986இல் வந்த சட்டம் ஒன்று கொலம்பியா பள்ளத்தாக்கை 'தேசிய இயற்கைக்காட்சிப் பகுதி' என்று அறிவித்தது. சுமார் 2,92,500 ஏக்கர். அதன் எல்லைக்குள் செலிலோவும் வருகிறது – மூழ்கி 29 வருஷம் கழித்து. நியாயமாகச் சொன்னால் அந்தச் சட்டம் 1855 ஒப்பந்த உரிமைகளைத் தொடாது என்று ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. அந்த உரிமைகள் செத்துப்போகவும் இல்லை. சால்மனில் நியாயமான பங்கு பழங்குடிகளுக்குச் சேர வேண்டும் என்று 1969இல் ஒரிகனில் நீதிபதி பெல்லோனி தீர்ப்பளித்தார். காட்சி காப்பாற்றாததைச் சட்டப் போராட்டம் கொஞ்சம் காப்பாற்றியது.

7

"சரிங்க, ஒரு அருவியைப் பார்த்து ரெண்டு நிமிஷம் சந்தோஷப்படறதும் குத்தமா?" என்று கேட்கலாம். குற்றமில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற முடியாத சாதாரண ஜனங்களுக்கும் இந்த ரோடு மலையையும் அருவியையும் எட்டவைத்தது. ஓரத்து நிலங்கள் பொதுச் சொத்தானதால்தான் இன்றைக்கு மல்ட்னோமா அருவிக்கு எதிரில் ஒரு தனியார் ஹோட்டல் சுவர் எழும்பவில்லை. அழகைத் துறந்துவிட்டு அரசியல் பேசச் சொல்வது இன்னொரு வகை வறட்டுத்தனம்; அதை நாம் நிறையப் பார்த்தாயிற்று.

இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான்: காட்சி என்ற தகுதி பார்ப்பவருக்குக் கொடுக்கும் உறுதிமொழி, அங்கே பிழைப்பவருக்கு அல்ல. ஒரு நிலத்தைக் 'காக்க வேண்டிய காட்சி' என்று அறிவிக்கும்போது, யாருடைய கண்ணுக்காகக் காக்கிறோம் என்ற கேள்வி கூடவே எழ வேண்டும். எழவில்லையென்றால், அங்கே இருந்தவர் முதலில் காட்சியின் பகுதியாவார், பிறகு காட்சிக்கு இடைஞ்சலாவார், கடைசியில் சிற்பமாவார். கொலம்பியாவில் இந்த மூன்று கட்டங்களும் நடந்தன. வரிசை மட்டும் முன்பின்னாக.

ஆகவே இந்த ரோட்டில் போகிறவருக்கு ஒரு யோசனை. ஹார்ஸ்டெயில் அருவியோடு திரும்பிவிட வேண்டாம். கிழக்கே தொடர்ந்து போங்கள். தி டாலஸையும் அணையையும் தாண்டினால், நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் செலிலோ என்று பெயர் போட்ட ஒரு பூங்கா வரும். புல்தரை, படகு இறக்கும் சரிவு, எதிரே அசையாத அகன்ற நீர்ப்பரப்பு. பார்க்க ஒன்றுமே இருக்காது. 2008இல் ராணுவப் பொறியாளர் படை ஒலியலைக் கருவிகளை வைத்து ஆற்றடியை அளந்தபோது, பாறைகள் சிதையாமல் அப்படியே இருப்பது தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் செலிலோ கிராமம் இருக்கிறது. அங்கே வருஷாவருஷம் வசந்தத்தில் முதல் சால்மனை வரவேற்று நீளவீட்டில் விருந்து வைக்கிறார்கள். யாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல; மீன் வந்துவிட்டது என்பதற்காக.